சம்பந்திக்கு என்ன கோபம்?

பல் வைத்தியரின் காத்திருப்பு அறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது அவருடைய பட்டங்களைத்தான். பார்க்காமல் தப்பிக்க வழி கிடையாது. கதவுக்கு நேர் எதிரே சட்டம் போட்டு, விளக்கும் போட்டு மாட்டியிருந்தார். வாங்கிய பட்டங்கள் தீர்ந்துபோன இடத்தில் கலந்துகொண்ட கூட்டங்களின் சான்றிதழ்கள் தொடங்கின. அவையும் தீர்ந்த இடத்தில் அவருடைய சொந்தப் படம் ஒன்று சிரித்தது. அதற்குக் கீழே 'சிரிப்பு நிபுணர்' என்று எழுதியிருந்தது. அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. வலியோடு வருகிறவனுக்கு அதையெல்லாம் விசாரிக்க ஏது நேரம்?

இடது பக்கச் சுவரோரம் கடல்மீன் தொட்டி. நல்ல நீளம், நல்ல ஆழம். 'நோயாளிகளின் மனம் அமைதியடைய' என்று பல் வைத்தியர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். நாலு தெரு தள்ளியிருக்கும் இன்னொரு பல் வைத்தியரிடம் தொட்டி இல்லை என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை. தொட்டியில் பாறைகள் இருந்தன, சில சின்ன மீன்கள் இருந்தன, எல்லோருக்கும் பெரியவராக ஒரு முள்ளம்பேத்தை மீன் இருந்தது. உருண்டை முகம், தனித்தனியே சுழலும் பெரிய கண்கள், உடம்பெல்லாம் படிந்து கிடக்கும் முள், எப்போதும் எதையோ குறை சொல்ல வருவது போன்ற வாய். கோபம் வந்தால் தண்ணீரைக் குடித்துப் பந்தாக உப்பி, முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். கல்யாணத்தில் தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் சம்பந்தியைப் பார்த்த எவருக்கும் அதற்கு வேறு பெயர் தோன்றாது. 'சம்பந்தி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் வைத்தது மச்சான். பல் வைத்தியரின் மனைவிக்குத் தம்பி. சொந்தமாக வைத்த கடை படுத்துவிட்ட பிறகு, 'கொஞ்ச நாளைக்கு' என்று அக்கா வீட்டுக்கு வந்தவன். அந்தக் கொஞ்ச நாள் நீண்டு, பல் வைத்தியர் அவனை 'மச்சான்' என்று கூப்பிட்டதைக் கேட்டு நோயாளிகளும், பால் கொடுக்கிறவரும், எதிர்க்கடைக்காரரும் மச்சான் என்றே கூப்பிடும் அளவுக்கு ஆகிவிட்டது. உட்கார இடம் கிடைத்தால் நிற்கமாட்டான், படுக்க இடம் கிடைத்தால் உட்காரமாட்டான். ஆனால் அந்தத் தொட்டி மட்டும் அவன் கையில் பளிச்சென்று இருந்தது. இறாலை ஆட்டினால் சம்பந்தி மேலே வந்து, அவன் மூக்கு மேல் ஒரு வாய்த் தண்ணீரைப் பீச்சியடித்துவிட்டுத்தான் இறாலை வாங்கும்.

"மரியாதை கத்துக்கொடுத்து வளர்த்திருக்கே" என்பார் பல் வைத்தியர்.

"நம்ம வீட்டு மரியாதைதான் அத்தான்" என்பான் மச்சான்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று சம்பந்திக்கு என்னவோ ஆகிவிட்டது.

முதலில் சாப்பாட்டை நிறுத்தியது. இறாலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்புறம் பாறைக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. செவுள் ஓடி வந்தவன் நெஞ்சு போல அடித்துக்கொண்டது. பழுப்பு உடம்பில் திட்டுத்திட்டாகக் கறுப்பு படர்ந்தது. சில நேரம் பாறையில் உடம்பை உரசியது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் தொடாமல், யாரும் தட்டாமல், நடுப்பகலில் தானாகவே உப்பிக்கொண்டு மேல்மட்டத்தில் மிதந்தது. பேத்தை உப்புவது வேடிக்கைக்கு இல்லை. உயிருக்குப் பயந்தால்தான் உப்பும். திரும்பத் திரும்ப உப்பினால் அதுவே அதன் உயிரை வாங்கிவிடும்.

காத்திருப்பு அறையில் அன்றிலிருந்து எல்லோரும் மீன் வைத்தியர்கள் ஆனார்கள். கன்னம் வீங்கி வந்த ஒருவர், மீனுக்கும் கன்னம்தான் வீங்கியிருக்கிறது, உள்ளே சொத்தைப்பல் இருக்கும் என்றார். கண் பட்டுவிட்டது என்றார் ஒரு அம்மா. மச்சானுடைய கருத்து, அது ஜோடி இல்லாமல் ஏங்குகிறது என்பது.

"உன் கதையை மீன் மேல ஏத்தாதேடா" என்றாள் அக்கா.

பல் வைத்தியர் மட்டும் சிரிக்கவில்லை. சங்கத்துக் கூட்டம் இந்த முறை அவர் இடத்தில் நடக்கவிருந்தது. ஊரிலிருக்கும் பல் வைத்தியர்கள் எல்லாம் வந்து உட்காரும்போது அமைதி தரும் தொட்டியில் ஒரு மீன் மல்லாந்து மிதந்தால் என்ன ஆவது?

"மச்சான், நான் ஒண்ணுதான் கேக்கறேன்" என்றார். ஒன்றுதான் கேட்கிறேன் என்று அவர் ஆரம்பித்தால் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார் என்று அர்த்தம். "இந்த வீட்ல உன் பொறுப்புன்னு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதுவும் போச்சுன்னா, அப்புறம் நீ இங்க எதுக்கு? சித்தப்பா கிடங்குல ஆள் கேட்டிருக்காரு. போய் மூட்டையை எண்ணு."

சித்தப்பாவின் கிடங்கு வேறு ஊரில் இருந்தது. சித்தப்பா பேச ஆரம்பித்தால் மூட்டைகளே எழுந்து நடக்கும் என்பார்கள். மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா வரவேற்பு மேசையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள். சம்பந்தி பிழைத்தால் மச்சானுக்கு இந்த வீடு, இல்லாவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

அப்படித்தான் மீன் வைத்தியரம்மா வந்தார்.

அவர் வருகிற தோரணையே தனி. கறுப்புக் கண்ணாடி, சக்கரம் வைத்த வெள்ளிநிறப் பெட்டி, அதைத் தள்ளிக்கொண்டு வரும் ஓசையில் ஒரு ஊர்வலத்துக்குரிய கம்பீரம். கடல்மீனுக்கென்றே படித்தவர், அதைச் சொல்ல அவருக்கு அலுத்ததே இல்லை. "ரெண்டாவது தடவை என்னை யாரும் கூப்பிட்டதில்லை" என்று வாசலிலேயே சொன்னார்.

"ஏன், முதல் தடவையே செத்துடுமா?" என்று மச்சான் அக்கா காதில் கேட்டான். அக்கா அவன் காலை மிதித்தாள்.

அவர் வருவதையொட்டிப் பல் வைத்தியர் வீட்டைக் கல்யாண வீடு மாதிரி ஆக்கியிருந்தார். அன்றைக்கு நோயாளிகள் கிடையாது. நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கி, தரையை இரண்டு முறை துடைத்து, வழக்கமாக ஓடும் விசிறி, பாட்டு, டிவி எல்லாவற்றையும் அணைத்து, அறையைக் கோயில் மாதிரி வைத்திருந்தார். பெரிய டாக்டர் வருகிறார் என்று குளித்து, பவுடர் போட்டு, இருமலை அடக்கிக்கொண்டு உட்காரும் நோயாளிகளைப் பார்த்து அவரே எத்தனையோ முறை எரிச்சல்பட்டிருக்கிறார். தன் வீட்டுக்கு ஒரு வைத்தியர் வந்தபோது அவரும் அதைத்தான் செய்தார்.

மீன் வைத்தியரம்மா ஒரு நாற்காலி கேட்டார். கொடுத்தார்கள். இது வேண்டாம், கைப்பிடி வைத்தது வேண்டும் என்றார். அதுவும் வந்தது. உட்கார்ந்து, "நான் பேசுற வரைக்கும் யாரும் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்க்க ஆரம்பித்தார். இங்கேதான் கிண்டல் செய்யக் காத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம். ஏனென்றால் அவர் பார்த்த விதம் நிஜமாகவே அழகாக இருந்தது. கையில் பேனா இல்லை, போன் இல்லை. கண்ணாடியிலிருந்து தள்ளி, அசையாமல், சம்பந்தியின் செவுள் திறந்து மூடுவதைத் தன் மூச்சோடு ஒப்பிடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். துடுப்பு உடம்போடு ஒட்டியிருக்கிறதா, விரிகிறதா. எந்தப் பக்கமாகத் திரும்பி ஒளிகிறது. மற்ற மீன்கள் அதைத் துரத்துகின்றனவா. கண் இரண்டும் தெளிவாக இருக்கின்றனவா. கடைசியில் மச்சானிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீரின் உப்பு, சூடு, அமோனியா எல்லாவற்றையும் தானே சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தன.

"தண்ணியில குறை இல்ல. உரசுதுன்னு சொன்னீங்களே, எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளா மேடம்."

"தொட்டிக்குள்ள புதுசா ஏதாவது வந்துச்சா?"

மச்சான் தயங்கினான். "ஒரு பாறை வாங்கிப் போட்டேன். ஆனா தனியா வாளியில வெச்சிருந்துட்டுத்தான் போட்டேன்."

"வாளியில" என்று பல் வைத்தியர் திருப்பிச் சொன்னார். அந்த ஒரு சொல்லிலேயே மச்சானின் மூட்டை கட்டப்பட்டுவிட்டது.

மீன் வைத்தியரம்மா சம்பந்தியை நீரோடு சேர்த்து மெல்ல ஒரு கிண்ணத்தில் ஏந்தி, செவுளோரம் லேசாகச் சுரண்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால். பிறகு தலையை நிமிர்த்தி, மேடையில் நிற்பவர் போலச் சொன்னார்:

"பூச்சி. செவுள்ல பூச்சி. பாறையோட வந்திருக்கு. மீனைத் தனித் தொட்டிக்கு மாத்துங்க. புதுசா உப்புத்தண்ணி கலந்து, நான் கொடுக்கற மருந்தை ஊத்துங்க. பிழைச்சிடும்."

காத்திருப்பு அறையாக இருந்த முன்கூடத்துக்குப் பின்னால், சரக்கு அறையில் ஒரு பெரிய நீல டப்பில் சம்பந்தி குடிபோனது. மருந்தைத் தன் கையாலேயே ஊற்றிவிட்டு மீன் வைத்தியரம்மா கிளம்பினார். மறுநாள் காலையில் பல் வைத்தியர் போன் செய்து, அது வாய் ஓயாமல் சாப்பிடுவதாகச் சொன்னார். "சொன்னேன்ல" என்றார் மீன் வைத்தியரம்மா.

அவ்வளவுதான், பல் வைத்தியருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. சங்கக் கூட்டத்திலேயே மீன் வைத்தியரம்மாவுக்கு ஒரு கேடயம் கொடுத்துக் கௌரவிப்பது என்று முடிவு செய்தார். கேடயத்தில் அவர் பெயரைவிடத் தன் மருத்துவமனையின் பெயர் கொஞ்சம் பெரிதாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். மச்சானிடம், "கூட்டம் முடியட்டும். அப்புறம் கிளம்பு. உன்னை யாரும் துரத்தல" என்றார். துரத்துகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான்.

கூட்டத்தன்று மீன் வைத்தியரம்மா சீக்கிரமே வந்துவிட்டார். நல்ல பட்டுப்புடவை, தலையில் கொஞ்சம் பூ, கையில் அதே சக்கரப் பெட்டி, முகத்தில் கேடயம் வாங்கப் போகிறவரின் அடக்கம். வந்ததும் மேடைப்பக்கம் போகாமல் சரக்கு அறைக்குப் போனார். அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும். கேடயம் காத்திருக்கும்போது நோயாளியைப் பார்க்கப் போகும் வைத்தியர்கள் குறைவு.

சம்பந்தி டப்புக்குள் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. கறுப்புத் திட்டு இல்லை. அவரைப் பார்த்ததும் மேலே வந்து, பட்டுப்புடவை மேல் ஒரு வாய்த் தண்ணீரைப் பீச்சியது.

"சாப்பிட ஆரம்பிச்சது எப்போ?" என்று புடவையைத் துடைத்தபடி கேட்டார்.

"அன்னைக்கே மேடம்" என்றான் மச்சான். "நீங்க மருந்து ஊத்திட்டு வாசலுக்குப் போனீங்க. உங்க பெட்டியைக் கார்ல ஏத்திட்டு வந்து பாக்கறேன், இறால் கேட்டு மேல நிக்குது."

"கார்ல ஏத்தறதுக்குள்ளயா?"

"ஆமா. அவ்வளவு பவர் மேடம் உங்க மருந்து."

மீன் வைத்தியரம்மாவின் முகத்திலிருந்த அடக்கம் போய், வேறு ஏதோ வந்தது. "அந்த மருந்து கேக்கறதுக்கு ஒரு நாளாவது ஆகும். அதுக்குள்ள பூச்சி சாகாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "அப்போ புதுத் தண்ணிதான் பிடிச்சிருக்கணும். நீங்க கலந்த தண்ணியில..."

மச்சான் தலையைச் சொறிந்தான்.

"என்ன?"

"அத்தான்கிட்ட சொல்லமாட்டீங்களே?"

"என்னப்பா, சொல்லு."

"புதுசா கலக்கல மேடம். உப்பைக் கரைக்கணும், சூடு பாக்கணும், பொறுமை வேணும். எப்படியும் ஊருக்குப் போகப்போறவன்தானேன்னு சோம்பலா இருந்துச்சு. பெரிய தொட்டித் தண்ணியையே மொண்டு ஊத்திட்டேன்."

திட்டு விழும் என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டான். விழவில்லை. மீன் வைத்தியரம்மா டப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அதே தண்ணீர். மருந்து இன்னும் வேலையே தொடங்கவில்லை. மீன் மட்டும் அறை மாறியது. மாறிய மாத்திரத்தில் பசித்தது.

இந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருக்கலாம். மீன் பிழைத்துவிட்டது. கேடயம் தயார். மருந்து ஊற்றினார், மீன் சாப்பிட்டது என்பதற்கு வீடு நிறையச் சாட்சி. சோம்பேறி ஒருவனுடைய வாயை மூட ஒரு பார்வை போதும். உலகத்தில் பாதிக் கேடயங்கள் அப்படித்தான் வாங்கப்படுகின்றன.

அவர் நேராக முன்கூடத்துக்கு வந்தார். நாற்காலிகள் போடப்பட்டு, ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பல் வைத்தியர் வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். மீன் வைத்தியரம்மா தொட்டிக்கு முன்னால் போய், பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தார். அதுவும் தொட்டியைப் பார்த்து அல்ல; தொட்டிக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியில் தலையைச் சாய்த்து, சம்பந்தியின் கண் வழக்கமாக இருக்கும் உயரத்துக்குக் குனிந்து. வந்தவர்கள் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

"நகருங்க, நகருங்க. மீனைப் பாத்தாச்சு. மீன் எதைப் பாக்குதுன்னு நான் பாக்கவே இல்ல" என்றார்.

மீன் பார்த்தது எதிர்ச்சுவரை. அந்தச் சுவரில் பல் வைத்தியர் அண்மையில் மாட்டிய டிவி இருந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. முந்தைய வருகையின்போது மரியாதைக்காக அணைத்து வைத்திருந்த அதே டிவி. இன்றைக்கு விருந்தினர் வருவதால் ஓடிக்கொண்டிருந்தது. அதில் சிரிப்பு நிபுணர் தானே நடித்துத் தயாரித்த விளம்பரப்படம். முதலில் அவர் கைகூப்பினார். பிறகு கேமரா அவர் முகத்தை நெருங்கியது. இன்னும் நெருங்கியது. முகம் போய் வாய் மட்டும் மிஞ்சியது. "இப்படி அகலமாத் திறங்க" என்று குரல் சொல்ல, சுவர் முழுதும் ஒரு வாய் திறந்தது. மேல்வரிசைப் பல், கீழ்வரிசைப் பல், நடுவே சிவந்த இருட்டு. வாய் முன்னால் வந்துகொண்டே இருந்தது. மூடியது. மறுபடி முதலிலிருந்து.

தரையில் உட்கார்ந்திருந்த மீன் வைத்தியரம்மா, தன்னையறியாமல் காலை மடக்கிக்கொண்டார்.

பிறகு எழுந்து, டிவியை அணைத்துவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

பல் வைத்தியர் பேசினார். அமைதி பற்றி, அறிவியல் பற்றி, தான் அறிவியலுக்குச் செய்துவரும் உதவி பற்றி. ஒரு சாதாரணப் பாறையின் வழியாக, அலட்சியத்தின் வழியாக, நோய் எப்படி வீட்டுக்குள் நுழைகிறது என்பது பற்றி. 'அலட்சியம்' என்று சொன்னபோது கடைசி வரிசையில் நின்ற மச்சானை நோக்கிக் கையை நீட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் யாரைச் சொல்கிறார் என்று தானும் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது.

கேடயம் கைமாறியது. கைதட்டினார்கள். மீன் வைத்தியரம்மா மைக்கை வாங்கினார்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார்.

மைக் சரியில்லை என்று நினைத்து ஒருவர் அதைத் தட்டிப் பார்க்க வந்தார்.

"மைக் நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல. அன்னைக்கு மீனுக்குப் பூச்சின்னு சொன்னேன். பூச்சி இருந்துச்சு, பொய் இல்ல. ஆனா எந்த மீன் செவுளைச் சுரண்டினாலும் நாலு பூச்சி இருக்கத்தான் செய்யும். தேடினேன், கிடைச்சுது. கிடைச்சவுடனே தேடறதை நிறுத்திட்டேன். அதுதான் தப்பு. மீன் பிழைச்சது என் மருந்தால இல்ல. மருந்து வேலை செய்யறதுக்கு முன்னாடியே சாப்பிட ஆரம்பிச்சிருக்கு. தண்ணி மாறினதாலயும் இல்ல. ஏன்னா தண்ணி மாறவே இல்ல." மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். "நான் சொன்னதை அந்தத் தம்பி செய்யல. செஞ்சிருந்தா, தண்ணிதான் காரணம்னு சொல்லி நான் இன்னைக்கு நிம்மதியா கேடயத்தோட வீட்டுக்குப் போயிருப்பேன். அவரோட சோம்பேறித்தனத்துக்கு ஒரு கும்பிடு. அவர் பாறையில குறை இல்ல. இதை நான் சொன்ன இடத்துலயே திருப்பிச் சொல்லணும், அதான் சொல்றேன்."

தன் தப்பைக் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லும் ஆளை அந்தச் சங்கம் அதுவரை பார்த்ததில்லை. அவர்கள் தொழிலில் தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டால், 'அதுவும் எப்படியும் போகவேண்டியதுதான்' என்று சொல்லித்தான் பழக்கம்.

பல் வைத்தியர் தொண்டையைச் செருமினார். "அப்போ மேடம், காரணம்தான் என்ன?"

அவர் எதிர்ச்சுவரைக் காட்டினார். "உங்க படம் சார். தொட்டிக்கு நேர் எதிர்ல. அந்த மீன் கண்ணுக்கு, தன்னைவிடப் பல மடங்கு பெரிய வாய் ஒண்ணு பல்லைக் காட்டிக்கிட்டு நாள் பூரா அது மேல பாயுது. ஓடி ஒளிய இடம் இல்ல. உப்பாம என்ன செய்யும்?"

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் ஒரு வரிசை. நாலு தெரு தள்ளியிருக்கும் பல் வைத்தியர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, "சிரிப்பு நிபுணர்!" என்றார்.

பல் வைத்தியரின் முகம் சம்பந்தியின் முகமாகிவிட்டது. "என் சிரிப்பா? இந்தச் சிரிப்பைப் பாத்துட்டு எத்தனை பேர்..." என்று ஆரம்பித்தார்.

"சிரிப்புல ஒரு குறையும் இல்ல சார்" என்றார் மீன் வைத்தியரம்மா. அவர் குரலில் கேலி இல்லாததுதான் எல்லோரையும் அடக்கியது. "அளவுதான் தப்பு. ஆசையா எடுத்த படம், யாருக்குத் தெரியும், தொட்டி எதிர்ல இருக்குன்னு? எனக்கே தெரியலையே. நான் மீனுக்குப் படிச்சவ."

"இதுக்கு என்ன ஆதாரம்? இப்பவே மீனைத் தொட்டியில விட்டு, படத்தைப் போட்டுப் பாத்துடலாம்."

"அதை நான் செய்யமாட்டேன். நான் சொன்னது சரின்னு காட்டறதுக்காக ஒரு ஜீவனைப் பயமுறுத்த முடியாது. வேற வழி இருக்கு. மீனை அதே தொட்டிக்கு, அதே பாறைக்கு மாத்துங்க. மருந்து வேண்டாம். டிவி வேண்டாம். நல்லா இருந்துச்சுன்னா பாறை குற்றவாளி இல்ல. திரும்பவும் சோர்ந்துச்சுன்னா நான் இதே மைக்ல வந்து ரெண்டாவது தடவையும் தப்புன்னு சொல்றேன்."

கேடயத்தை மேசையில் வைத்தார். "இது அப்ப வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார். புடவையில் காய்ந்துபோன உப்புநீர்க் கறையோடு, பெட்டியை உருட்டிக்கொண்டு அவர் வெளியே போனபோது, வரும்போது சிரிப்பாகத் தெரிந்த அந்த ஊர்வலம் இப்போது யாருக்கும் சிரிப்பாகத் தெரியவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி, "ரெண்டாவது தடவை கூப்பிட்டாலும் வருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பெருமையை விட்டுவிட்டார் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது பாருங்கள்.

சம்பந்தி பெரிய தொட்டிக்குத் திரும்பியது. முதல் நாள் பாறையடியில் இருந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. சுவர் சும்மா இருந்தது. மறுநாள் பாதி வெளியே வந்தது. அடுத்து வந்த நாட்களில் இறாலுக்கு முண்டியது, சின்ன மீன்களை அதிகாரம் செய்தது, கண்ணாடியில் மூக்கைத் தேய்த்தது. உரசலும் இல்லை, உப்பலும் இல்லை. காத்திருப்பு அறையில் சின்னக் குழந்தைகள் அழுவது குறைந்திருப்பதையும் அக்கா கவனித்தாள். அதை வெளியே சொல்லவில்லை. ஒரு வீட்டில் ஒரு உண்மையைத் தாங்குவதே கஷ்டம்.

பல் வைத்தியர் தினமும் தொட்டியை ஒருமுறை கடந்துபோனார், பார்க்காதது போல. மச்சானிடம் கிடங்கைப் பற்றிப் பேசவில்லை. போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. சித்தப்பாவோ போன் செய்து, எந்த வண்டியில் வருகிறான் என்று கேட்டுவிட்டார்.

அன்று சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "அந்தம்மா ஊரைக் கூட்டி வெச்சு, மைக்குல சொன்னாங்க. உங்களுக்கு மைக்குகூட வேண்டாம். வீட்ல ரெண்டு பேர்தான் இருக்கோம்."

பல் வைத்தியர் நீர் குடித்தார். கையைக் கழுவினார். கழுவிய கையை மறுபடி கழுவினார். பிறகு முன்கூடத்துக்குப் போனார். மச்சான் ஸ்டூல் மேல் நின்று தொட்டிக்கு இறால் போட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், நான் ஒண்ணுதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வேறு வழியாக வந்தார். "அதாவது, அறிவியல் ரீதியாப் பாத்தா, ஒரு விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். கிடைக்கிற தகவலை வெச்சு, அந்த நேரத்துல, ஒரு பொறுப்பான மருத்துவர்..."

"அத்தான்" என்றான் மச்சான். "விஷயத்துக்கு வாங்க. இறால் கையில உருகுது."

பல் வைத்தியர் பட்டங்கள் இருந்த சுவரைப் பார்த்தார். அங்கிருந்து ஒரு உதவியும் வரவில்லை.

"தப்பாச் சொல்லிட்டேன்டா" என்றார். "உன் பாறை மேல பழியைப் போட்டேன். அத்தனை பேர் முன்னாடி கையை நீட்டினேன். போகாதே. இங்கயே இரு. சித்தப்பாகிட்ட நானே பேசிக்கறேன்."

மச்சான் ஸ்டூலிலிருந்து இறங்கி, இறால் தட்டை அத்தானிடம் நீட்டினான். "மேல நில்லுங்க. நீங்களே கொடுங்க."

"நானா? என்னைப் பாத்தா அது..."

"கொடுங்களேன்."

சிரிப்பு நிபுணர் ஸ்டூலில் ஏறினார். உதடு இரண்டையும் இறுக்கி மூடி, ஒரு பல்கூட வெளியே தெரியாதபடி பார்த்துக்கொண்டு, இறாலை நீருக்கு மேல் பிடித்தார். சம்பந்தி கீழேயிருந்து ஒரு கண்ணால் பார்த்தது. மறு கண்ணாலும் பார்த்தது. மெல்ல மேலே வந்தது. அவர் நெற்றியில் ஒரு வாய்த் தண்ணீரைப் பீச்சியடித்துவிட்டு இறாலைப் பிடுங்கிக்கொண்டு போனது.

"நீங்க சிரிக்கலாம் அத்தான்" என்றான் மச்சான். "நேர்ல அவ்வளவு பெருசா இல்ல."

முகத்தில் நீர் வழிய, உதட்டைத் திறக்காமலே, பல் வைத்தியர் "ம்ம்" என்றார். அடுத்த இறாலுக்குக் கையை நீட்டினார்.